பிலிப்பியர் நிருபமும் பிஷப் அசரியாவும்



பிலிப்பியர் நிருபத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஆச்சரியம். எழுதினவர் காவலில் கிடக்கிறார். ஆனா நிருபம் முழுக்க சந்தோஷம். பொறாமையினால் சிலர் கிறிஸ்துவைப் பிரசங்கித்தாலும் பவுல் அதிலும் சந்தோஷப்படுகிறார். ஆனா அவரோடே சுவிசேஷத்துக்காகப் பாடுபட்ட எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு சகோதரிகளுக்குள் ஒருமனம் இல்லை. அதை அவரால் சும்மா விட முடியலை.

நம்ம காட்டுப்பாக்கம் பக்கத்திலும் ஒரு சபையார் மறு சபையாரைக் கண்டா முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதைப் பார்க்கிறேன். அப்போ என் நினைவுக்கு வருகிறவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

1874இல் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் ஒரு போதகருக்கு மகனாய்ப் பிறந்தார். வாலிப நாளில் ஒய்.எம்.சி.ஏ. ஊழியர். 1903இல் இந்திய மிஷனெரி சங்கம் உண்டாக முன்நின்றார். அடுத்தவனைப் போகச்சொல்லிவிட்டு வீட்டில் இருக்கிற ஆள் இல்லை. 1909இல் குருப்பட்டம் பெற்று, தானே நிஜாம் ராஜ்யத்தில் டோர்ணக்கலுக்குப் போய், தெலுங்கு கற்று ஊழியம் செய்தார்.

1910இல் எடின்பரோ மாநாட்டுக்குப் போனவர் மேடையில் என்ன பேசினார் தெரியுமா? மிஷனெரிமார் எங்களுக்காக எல்லாவற்றையும் கொடுக்கிறார்கள், சிநேகத்தைத்தான் கொடுக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். பலருக்குக் கோபம். என்னைக் கேட்டா, ஐக்கியம் அப்படிப்பட்ட மெய்யான பேச்சில்தான் ஆரம்பிக்குது.

1912 டிசம்பர் 29இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பிஷப் ஆனார். பட்டம் பெரிசு, ஜனங்களோ பரம ஏழைகள். மாலா, மாதிகா என்ற இரண்டு ஜாதியாரும் ஒடுக்கப்பட்டவர்களே. ஆனாலும் ஒருவரோடொருவர் சாப்பிட மாட்டார்கள். அவர்களை ஒரே திருவிருந்தில் சேர்க்க வருஷக்கணக்காய்ப் பாடுபட்டார். சுலபமாய் நடக்கலை. ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தலைமேல் கைவைக்கச் சொல்லி, சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்று அறிக்கை செய்ய வைப்பார். எழுத்து தெரியாத கூலிக்காரரும் அந்தச் சந்தோஷத்தோடே சாட்சி சொல்லப் புறப்பட்டார்கள்.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் ஊழியர்கள் கூடி, பிரிந்திருக்கிற சபைகள் ஒன்றாகணும் என்று அழைப்பு விடுத்தார்கள். அதில் முன்நின்றவரும் இவரே. அப்புறம் பேச்சுவார்த்தை, கமிட்டி, மறுபடி பேச்சுவார்த்தை! முக்கியமாய் பிஷப் பட்டத்தைப் பற்றியே எத்தனையோ தர்க்கம். இருபத்தைந்து வருஷம் போனது. அசரியா சலித்து விலகவில்லை.

1945 ஜனவரி 1இல் டோர்ணக்கலில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

1947 செப்டம்பர் 27இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபையார் சேர்ந்து தென்னிந்திய திருச்சபை ஆனார்கள். அந்த ஆராதனை நடந்தது சென்னை கதீட்ரல் ரோட்டில் புனித ஜார்ஜ் பேராலயத்தில். நம்ம ஊரிலிருந்து போரூர், வடபழனி வழியாய்ப் போனா பார்த்துவிடலாம். அந்த நாளுக்காக உழைத்தவர் அங்கே இல்லை.