ஆறு அறைகளா, ஏழு தோட்டாக்களா?

1911-ஆம் ஆண்டு மார்ச் மாதம். அமெரிக்க ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கூடத்தில் இரண்டு கைத்துப்பாக்கிகள் இறுதிச் சோதனைக்கு வந்தன. ஒன்று சாவேஜ் நிறுவனத்துடையது. மற்றொன்று கோல்ட் நிறுவனத்துடையது. ஒவ்வொன்றும் 6,000 முறை சுட வேண்டும். சூடேறிவிட்டால் தண்ணீரில் நனைத்துக் குளிரவைத்து மீண்டும் சுட்டார்கள். முடிவில் சாவேஜ் துப்பாக்கி 37 முறை பழுதாகி நின்றிருந்தது. கோல்ட் துப்பாக்கி ஒருமுறைகூட நிற்கவில்லை. மார்ச் 29-ஆம் தேதி அதுவே அமெரிக்க ராணுவத்தின் அதிகாரபூர்வக் கைத்துப்பாக்கியாக அறிவிக்கப்பட்டது. முக்கால் நூற்றாண்டுக் காலமாகப் படை வீரர்களின் இடுப்பில் இருந்துவந்த சுழல் துப்பாக்கியின் ஆட்சி அந்த நாளோடு முடிவுக்கு வந்ததாகப் பலரும் கருதினர்.

அந்தத் துப்பாக்கியை வடிவமைத்தவர் ஜான் மோசஸ் பிரௌனிங். கைத்துப்பாக்கிகளின் வரலாற்றில் அவரைப் போல ஆழமாகத் தடம் பதித்த மற்றொருவரைக் காண்பது அரிது. பிரெஞ்சு மொழியில் பிரௌனிங் என்ற சொல் நெடுங்காலம் கைத்துப்பாக்கியைக் குறிக்கும் பொதுப்பெயராகவே வழங்கிற்று. ஒரு மனிதரின் பெயர் ஒரு கருவியின் பெயராகவே மாறுவது பெருமையா, சுமையா என்பது அவரது வாழ்க்கையைப் படிப்பவர் மனத்தில் எழாமல் இருக்க முடியாத கேள்வி.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், யூட்டா நிலப்பரப்பைச் சேர்ந்த ஆக்டன் என்ற சிற்றூரில் 1855-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் தேதி பிறந்தார் பிரௌனிங். தந்தை ஜோனதன் துப்பாக்கிக் கொல்லர். மார்மன் சமயத்தைத் தழுவி, அச்சமயத்தாரோடு மேற்கே இடம்பெயர்ந்து வந்தவர். மூன்று மனைவியர், 22 பிள்ளைகள் கொண்ட பெருங்குடும்பம் அவருடையது. ஒரே துப்பாக்கியிலிருந்து அடுத்தடுத்துப் பல குண்டுகளைச் சுடுவது எப்படி என்பது தந்தையையும் வாட்டிய கேள்விதான். பல அறைகள் கொண்ட இரும்புச் சட்டம் ஒன்றைக் குழலுக்குப் பின்னால் பக்கவாட்டில் நகர்த்திச் சுடும் துப்பாக்கியை அவர் செய்திருந்தார். தந்தையின் பட்டறையில் கிடந்த பழைய இரும்புத் துண்டுகளைக் கொண்டு, பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோதே ஜான் ஒரு துப்பாக்கியை உருவாக்கினார் என்பது அக்குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

1879-ஆம் ஆண்டு தந்தை மறைந்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஒற்றைக்குண்டுத் துப்பாக்கி ஒன்றுக்காக ஜான் தமது முதல் காப்புரிமையைப் பெற்றார். சகோதரர்கள் சேர்ந்து கையளவு இயந்திரங்களோடு அதை உற்பத்தி செய்துவந்தனர். 1883-இல் வின்செஸ்டர் நிறுவனத்தின் நிர்வாகி டி.ஜி. பென்னட், பெருநகரங்களைக் கடந்து அந்தச் சிற்றூர்க் கடைக்கே வந்து, 8,000 டாலர் கொடுத்து அந்த வடிவமைப்பின் உரிமையை வாங்கிச் சென்றார். அடுத்த இருபதாண்டுகள் வின்செஸ்டர் பெயரில் வெளிவந்த புகழ்பெற்ற துப்பாக்கிகள் பலவும் பிரௌனிங்கின் மூளையில் பிறந்தவை. அவரிடமிருந்து வாங்கிய வடிவங்களில் பலவற்றை அந்நிறுவனம் உற்பத்தி செய்யவே இல்லை. அவை போட்டியாளர்களின் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே விலை கொடுத்து வாங்கிப் பூட்டி வைத்தது.

பிரௌனிங்கின் வாழ்க்கையில் திருப்புமுனை 1889-இல் நேர்ந்தது. ஆக்டன் அருகே நடந்த துப்பாக்கிப் பயிற்சியின்போது, ஒவ்வொரு குண்டு வெளியேறும்போதும் குழலின் முனைக்கு எதிரே இருந்த புற்கள் சாய்ந்து நிமிர்வதை அவர் கவனித்தார். வெடித்த மருந்திலிருந்து கிளம்பும் வாயு வீணாகிறது. அந்த விசையைக்கொண்டே துப்பாக்கி அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளலாமே என்ற எண்ணம் அங்கே உதித்தது. பின்னுதைப்பின் விசையால் இயங்கும் இயந்திரத் துப்பாக்கியை ஹிராம் மாக்சிம் ஏற்கெனவே செய்துகாட்டியிருந்தார். பிரௌனிங் வாயுவின் வழியை எடுத்துக்கொண்டார். இயந்திரத் துப்பாக்கியில் தொடங்கிய அந்தச் சிந்தனை, விரைவில் கைத்துப்பாக்கிக்கும் வந்து சேர்ந்தது.

இங்கேதான் சுழல் துப்பாக்கிக்கும் தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் பிஸ்டலுக்கும் இடையிலான போட்டியைப் புரிந்துகொள்ள வேண்டும். சாமுவேல் கோல்ட் 1836-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற சுழல் துப்பாக்கியில் ஓர் உருளை உண்டு. அதில் பெரும்பாலும் ஆறு அறைகள். அறைக்கு ஒரு தோட்டா. பிற்காலச் சுழல் துப்பாக்கிகளில் விசையை இழுத்தாலே போதும். மனித விரலின் பலத்தால் உருளை சுழன்று அடுத்த அறை குழலுக்கு நேராக வந்து நிற்கும். ஒரு தோட்டா வெடிக்கத் தவறினாலும் பாதகமில்லை. மீண்டும் விசையை இழுத்தால் அடுத்தது தயார். ஆனால், ஆறும் தீர்ந்துவிட்டால் வெற்றுக் கூடுகளை அகற்றிவிட்டுப் புதியவற்றை நிரப்பியாக வேண்டும். எதிரி முன்னால் நிற்கும்போது அந்த விநாடிகள் நீண்டவை.

பிரௌனிங் உருவாக்கிய பிஸ்டலில் உழைப்பது விரலன்று, வெடிமருந்தே. சுட்டவுடன் பின்னுதைப்பின் விசையால் மேலுள்ள நகர்மூடி பின்னோக்கிச் சென்று வெற்றுக் கூட்டை வெளியே எறிகிறது. சுருள்வில் அதை முன்னோக்கித் தள்ளும்போது கைப்பிடிக்குள் இருக்கும் மேகசினிலிருந்து அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறுகிறது. மேகசின் தீர்ந்தால் அதை உருவிவிட்டு வேறொன்றைச் செருகினால் போதும். ஆனால், ஒரு தோட்டா பழுதானால் எல்லாம் நின்றுவிடும். இரு கைகளாலும் அதை அகற்றியாக வேண்டும். மேகசின் தொலைந்தால், அது ஒற்றைக்குண்டுத் துப்பாக்கிக்குச் சமம். எளிமையும் உறுதியும் ஒரு பக்கம்; வேகமும் எண்ணிக்கையும் மறுபக்கம். இந்தத் தராசில் எந்தத் தட்டு தாழும் என்பதுதான் அன்றைய படைத்தலைவர்கள் முன்னிருந்த கேள்வி.

விடை போர்க்களத்திலிருந்து வந்தது. 1892-இல் அமெரிக்க ராணுவம் 0.38 அங்குலக் குழல் கொண்ட சுழல் துப்பாக்கிக்கு மாறியிருந்தது. பிலிப்பைன்ஸ் போரில், பாய்ந்து வரும் எதிரிகளை அந்தச் சிறு குண்டு தடுத்து நிறுத்தவில்லை என்ற புகார்கள் எழுந்தன. ஓய்வு கொடுக்கப்பட்டிருந்த 0.45 அங்குலப் பழைய சுழல் துப்பாக்கிகள் மீண்டும் வெளியே எடுக்கப்பட்டன. 1904-இல் தாம்சன், லகார்ட் என்ற இரு அதிகாரிகள் சிகாகோ இறைச்சிக் கூடத்தில் மாடுகள்மீதும், மனிதச் சடலங்கள்மீதும் குண்டுகளைச் சோதித்து, 0.45 அங்குலத்துக்குக் குறையாத துப்பாக்கியே வேண்டும் எனப் பரிந்துரைத்தனர். இன்று படிக்கும்போது மனம் கூசும் சோதனைதான். ஆனால், அந்தப் பரிந்துரையே பிரௌனிங்கின் பெரிய பிஸ்டலுக்கு வாசலைத் திறந்தது.

எதிர்ப்பு குதிரைப் படையிடமிருந்து வந்தது. ஒரு கையில் கடிவாளம், மறு கையில் துப்பாக்கி என்றிருக்கும் வீரனுக்கு, பழுதை நீக்க இரு கைகள் தேவைப்படும் கருவி எதற்கு? சுட்ட பிறகும் அடுத்த குண்டுக்குத் தயாராக நிற்கும் பிஸ்டல், குதிரை மிரண்டால் யாரைச் சுடும்? இவை வீண் கேள்விகள் அல்ல. பிரௌனிங் அவற்றைப் புறந்தள்ளவும் இல்லை. கைப்பிடியை இறுகப் பற்றினால் மட்டுமே சுடும் பாதுகாப்பு அமைப்பும், கட்டைவிரலால் பூட்டும் அமைப்பும் அந்தத் துப்பாக்கியில் சேர்ந்தது அவற்றின் விளைவே. எதிர்த்தவர்களின் அச்சமே கருவியைச் செம்மைப்படுத்திற்று என்று சொன்னால் மிகையாகாது.

இதற்கிடையே 1897-இல் பெல்ஜியத்தின் ஹெர்ஸ்டால் நகரிலுள்ள எஃப்.என். நிறுவனத்தோடு பிரௌனிங் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தார். சட்டைப் பைக்குள் அடங்கும் சிறு பிஸ்டல்கள் அங்கிருந்து உலகெங்கும் சென்றன. 1902-இல், தாமே தோட்டா ஏற்றும் வேட்டைத் துப்பாக்கிக்கு ஒட்டுமொத்த விலைக்குப் பதிலாக விற்பனையில் உரிமத்தொகை கேட்டபோது வின்செஸ்டர் மறுத்துவிட்டது. இருபதாண்டு உறவு முறிந்தது. ரெமிங்டன் நிறுவனத் தலைவரைக் காணச் சென்று அவரது அலுவலகத்தில் காத்திருந்தபோது, அத்தலைவர் மாரடைப்பால் இறந்த செய்தி வந்தது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பிரௌனிங் பெல்ஜியத்துக்கே கப்பலேறினார்.

அந்தப் பெல்ஜியப் பிஸ்டல்கள் எங்கெல்லாம் சென்றன என்பதைப் பிரௌனிங் அறிந்திருக்க வழியில்லை. அமெரிக்க ராணுவம் அவரது துப்பாக்கியை ஏற்ற மூன்றே மாதங்களில், 1911 ஜூன் 17-ஆம் தேதி, மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் பிஸ்டல். 1914 ஜூன் 28-ஆம் தேதி சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரையும் அவர் மனைவியையும் கவ்ரிலோ பிரின்சிப் சுட்டதும் எஃப்.என். நிறுவனத்தின் பிரௌனிங் பிஸ்டலால்தான். அந்தக் குண்டுகளைத் தொடர்ந்து முதல் உலகப் போர் மூண்டது. 1931-இல் அலகாபாத் பூங்காவில் போலீஸாரால் சூழப்பட்ட சந்திரசேகர் ஆசாத்திடம் இருந்த கோல்ட் பிஸ்டலும் பிரௌனிங் வடிவமைத்ததே. 1948 ஜனவரி 30-ஆம் தேதி அண்ணல் காந்தியின் உயிரைப் பறித்தது இத்தாலியப் பெரெட்டா பிஸ்டல். ஆனால், அதன் தோட்டா வகை பிரௌனிங் உருவாக்கியது. சரயேவோவில் வெடித்ததும் அதே வகைத் தோட்டாதான்.

ஒரே மனிதரின் பட்டறையில் பிறந்த கருவி, ஒரு கையில் விடுதலை வேட்கையாகவும் மற்றொரு கையில் கொடும்பழியாகவும் மாறியிருக்கிறது. கருவிக்கு அறம் இல்லை, ஏந்துபவருக்கே உண்டு என்று சொல்லி நகர்ந்துவிடலாம். அது பாதி உண்மை. சட்டைப் பைக்குள் மறைத்து எடுத்துச் செல்லத்தக்கதாகவும், கண்ணிமைக்கும் நேரத்தில் பலமுறை சுடத்தக்கதாகவும் ஒன்றைச் செய்யும்போது, எத்தகைய செயல்கள் எளிதாகின்றன என்பதும் அதோடு சேர்ந்தே தீர்மானமாகிவிடுகிறது. இது பாதுகாப்பு வளையங்களுக்கு நடுவே வாழும் இன்றைய தலைவர்கள் நன்கறிந்த மீதிப் பாதி.

முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபோது, பிரௌனிங் தமது இயந்திரத் துப்பாக்கிகளின் உரிமையை, வரவேண்டிய உரிமத்தொகையோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பமான 7,50,000 டாலருக்கு அரசுக்கு அளித்தார். அந்தப் போரில் மற்றொரு விந்தையும் நேர்ந்தது. புதிய பிஸ்டல்களைத் தேவையான வேகத்தில் உற்பத்தி செய்ய இயலவில்லை. ஆகவே, அதே பிஸ்டல் தோட்டாவைச் சுடும் வகையில் ஏறத்தாழ 3 லட்சம் சுழல் துப்பாக்கிகளை ராணுவம் வாங்கியது. முடிந்துவிட்டதாகக் கருதப்பட்ட ஆட்சி அத்தனை எளிதில் முடிந்துவிடவில்லை.

காவல் துறைகளில் அது இன்னும் நீண்டது. பெரும்பாலான அமெரிக்கக் காவலர்கள் 1980-கள் வரை சுழல் துப்பாக்கியையே நம்பினர். வாழ்நாளில் என்றோ ஒருநாள் சுட நேரும் காவலருக்கு, குறைந்த பயிற்சியிலேயே கைவசமாகும் கருவிதான் ஏற்றது என்பது அவர்களின் வாதம். 1986 ஏப்ரல் 11-ஆம் தேதி மயாமியில் இரு கொள்ளையரோடு நடந்த மோதலில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் உயிரிழந்தனர், ஐவர் காயமடைந்தனர். கையில் காயம்பட்ட ஓர் அதிகாரியால் தமது சுழல் துப்பாக்கியில் மீண்டும் தோட்டா நிரப்ப முடியவில்லை. அதன் பிறகே பிஸ்டலுக்கு மாறும் போக்கு வேகமெடுத்தது. ஆனால், அன்று மோதலை முடித்துவைத்ததும், காயம்பட்ட மற்றோர் அதிகாரியின் கையிலிருந்த சுழல் துப்பாக்கிதான் என்பதை மறந்துவிடக் கூடாது. எது சிறந்தது என்ற கேள்விக்கு, யார் கையில், எந்தப் பயிற்சியோடு, எந்தத் தேவைக்கு என்ற மூன்று எதிர்க்கேள்விகள் இல்லாமல் விடை கிடையாது.

128 காப்புரிமைகளுக்கு உரியவரான பிரௌனிங், 1926 நவம்பர் 26-ஆம் தேதி பெல்ஜியத்தின் லியேஜ் நகரை அடுத்த எஃப்.என். ஆலையில், தம் மகனின் அலுவலகத்தில் மாரடைப்பால் காலமானார். அப்போதும் அவர் மனம் ஒரு துப்பாக்கியின் வரைபடத்தில்தான் இருந்தது. அவர் தொடங்கிவைத்த மற்றொரு பிஸ்டலை தியூதொனே செவ் என்ற பெல்ஜியர் 1935-இல் நிறைவு செய்தார். அது 13 தோட்டாக்கள் கொள்ளும். நம் நாட்டு இஷாப்பூர் ஆலையில் தயாராகி இந்திய ராணுவத்தினரின் இடுப்பில் இடம்பெற்ற 9 மி.மீ. பிஸ்டல் அதன் வழித்தோன்றலே. 1911-இல் ஏற்கப்பட்ட துப்பாக்கியோ 1985 வரை அமெரிக்க ராணுவத்தின் முறையான கைத்துப்பாக்கியாக நீடித்தது.

இந்தியாவில் உரிமம் பெற்ற ஒருவர் இன்றும் அரசு ஆலையின் 0.32 அங்குலச் சுழல் துப்பாக்கியையும், பிரௌனிங்கின் தோட்டாவைச் சுடும் 0.32 அங்குலப் பிஸ்டலையும் மேசைமீது வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். எது நம்பகமானது என்பதை 6,000 முறை சுட்டுப் பார்த்து அறிந்துகொள்ள முடியும். ஏந்தப்போகும் கை நம்பகமானதா என்பதை அறிய எந்த ஆயுதக் கூடத்திலும் சோதனை இல்லை. துப்பாக்கி உரிமம் கேட்டு வரும் ஒவ்வொரு விண்ணப்பத்தின் மீதும், அரசு அதிகாரி தம் கையொப்பத்தை இடுவதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டியது அதைத்தான்.