மழைக்குக் கணக்குப் போட்டவர்

புள்ளியியலில் 'ஒட்டுறவு' எதுக்குப் படிக்கணும்னு நம்மில் பல பேர் கேட்கிறோம். பதிலாக ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்கிறேன்.

முதலில் நம்ம ஊர்க் கணக்கு. சூளையில் சூடு ஏற ஏற, ஓர் அளவு வரைக்கும், களிமண் பொம்மை அதிகமாகச் சுருங்கும். இது நேர் ஒட்டுறவு. அதே பொம்மை தண்ணீர் உறிஞ்சுவது குறையும். இது எதிர் ஒட்டுறவு. ஒட்டுறவுக் கெழு -1 முதல் +1 வரை இருக்கும்.

கில்பர்ட் வாக்கர் 1868-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1889-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம். பூமராங் எறிவதில் கில்லாடி! 1904-ல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவரானார். அதற்குச் சில வருடம் முன்புதான், 1899-ல், மழை பொய்த்துப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான சனங்கள் செத்துப்போனார்கள். மழை வருமா, வராதா என்று முன்கூட்டியே தெரிந்தால் எத்தனை உயிர் பிழைக்கும்!

கம்ப்யூட்டர் இல்லாத காலம். ஊழியர்களை வைத்துக் கையாலேயே கணக்குப் போட்டார். பல நாடுகளின் மழை, வெப்பம், காற்றழுத்தம் எல்லாவற்றையும் ஜோடி ஜோடியாக ஒப்பிட்டார். பசிபிக் கடல் பக்கம் காற்றழுத்தம் கூடினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் குறைகிறது. அங்கே குறைந்தால் இங்கே கூடுகிறது! இதற்குத் 'தெற்கு அலைவு' என்று பெயர் வைத்தார்.

இன்னொரு சேதி. 1913-ல் சென்னையில் நம்ம ராமானுஜனின் கணக்குகளைப் பார்த்து அசந்துபோய், அவருக்கு உதவச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதியவரும் இவர்தான். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது.

ஆனால் ஒரு குறை. அலைவுக்குக் காரணம் என்னவென்று வாக்கரால் சொல்ல முடியவில்லை. அதனால் பலர் நம்பவில்லை. நிறைய ஜோடிகளை ஒப்பிட்டால் சில பெரிய கெழுக்கள் தற்செயலாகவே வரும் என்று 1914-லேயே அவரும் எச்சரித்தார். ஆடி மாசம் காத்தும் பலமா அடிக்குது, கோயில்ல கூழும் ஊத்துறாங்க. கூழ் ஊத்துறதாலதான் காத்து அடிக்குதுன்னு சொல்ல முடியுமா?

1958-ல் வாக்கர் இறந்தார். 1969-ல் பியர்க்னஸ் என்ற விஞ்ஞானி, பசிபிக் கடல்நீர் சூடாகும் எல் நினோவுக்கும் இந்த அலைவுக்கும் உள்ள தொடர்பை விளக்கினார். வாக்கரின் கணக்கு வீண்போகவில்லை. இன்றும் பருவமழையைக் கணிப்பவர்கள் எல் நினோவைப் பார்க்கிறார்கள்.

அதனால் நண்பர்களே, கெழு 0.9 வந்தால் சந்தோஷப்படுங்கள். ஆனால் காரணத்தையும் தேடுங்கள்!