தாய்மாரின் துயர் துடைத்த அன்னை அன்னா டெங்கல்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்று நம் முன்னோர் கூறுவர். அந்த மறுபிறவி வாய்க்காமல் மாண்ட தாய்மாருக்காகவும், உயிர் தப்பியும் உடல் சிதைந்து மூலையில் ஒதுங்கிய தாய்மாருக்காகவும் தம் வாழ்வை ஈந்தவர் அன்னை அன்னா டெங்கல். உலகறிந்த இம்மருத்துவத் துறவியின் வரலாற்றை நம் பங்குமக்களுக்கு, சிறப்பாக நம் தாய்மாருக்கு, இம்மலரில் சுருக்கமாகத் தருவதில் மகிழ்கிறோம்.

ஆஸ்திரிய நாட்டின் திரோல் மலைப்பகுதியில் 1892 மார்ச் 16 அன்று அன்னா பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். இளம்பெண்ணாக இருந்தபோது ஆக்னஸ் மெக்லாரன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுப் பெண் மருத்துவரைப் பற்றிக் கேள்வியுற்றார். மெக்லாரன் அம்மையார் 61-ஆம் வயதில் கத்தோலிக்க மறையைத் தழுவியவர். எழுபது வயதைக் கடந்த பின் இந்தியாவுக்கு வந்து, இன்று பாகிஸ்தானில் உள்ள ராவல்பிண்டியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவமனை அமையக் காரணமாயிருந்தார். அங்கே பணியாற்றப் பெண் மருத்துவர்களைத் தேடிக்கொண்டிருந்த அவருக்கு அன்னா கடிதம் எழுதினார். பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த இந்தியாவில் மருத்துவம் பார்க்க அந்நாட்டு முறைப் பட்டம் வேண்டுமாதலால், அயர்லாந்தின் கார்க் நகரில் பயிலுமாறு அம்மையார் வழிகாட்டினார். ஆனால் இருவரும் நேரில் சந்திக்க இறைவன் சித்தங்கொள்ளவில்லை. 1913-இல் அம்மையார் காலமானார். அடுத்த ஆண்டே உலகப்போர் மூண்டது. ஆஸ்திரியப் பெண்ணாகிய அன்னா அங்கே எதிரி நாட்டவராகிவிட்டார். எனினும் படிப்பை விடவில்லை. 1919-இல் பட்டம் பெற்று, 1920-இல் ராவல்பிண்டி வந்து சேர்ந்தார்.

அங்கே அவர் கண்ட நிலை என்ன? வடநாட்டில் கோஷா முறை கடுமையாக நிலவிய காலம் அது. (சென்னைத் திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்ற பெயர் ஏற்பட்டதும் இக்காரணம் பற்றியே.) பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை ஆண் மருத்துவர் தொட்டுப் பார்க்கலாகாது, பெண் மருத்துவரோ இல்லை. வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே அடைபட்டு வாழ்ந்த பெண்கள் பலருக்கு எலும்பு மென்மையாகி இடுப்பெலும்பு குறுகிவிடும். குழந்தை வெளிவர வழியின்றி இரண்டு மூன்று நாட்கள் சிக்கிக்கொள்ளும். தாய் பிழைத்தாலும், குழந்தையின் தலை நெடுநேரம் அழுத்தியதால் உட்தசை அழுகி, சிறுநீர்ப்பைக்கும் பிறப்பு வழிக்கும் இடையே ஓட்டை விழுந்துவிடும். ஃபிஸ்துலா என்று மருத்துவர்கள் கூறும் இக்கேட்டினால் இரவும் பகலும் சிறுநீர் கசிந்துகொண்டே இருக்கும். துர்நாற்றத்தால் கணவனும் உற்றாரும் ஒதுக்கிவிடுவர். குற்றம் ஏதும் செய்யாமலே தண்டனை பெற்றவர்கள் இவர்கள். இதனைப் பேசவும் நாம் கூசுகிறோம். அக்கூச்சமே இவர்களை மேலும் மறைத்து வைத்தது.

நான்காண்டுகள் அன்னா அங்கே ஓயாது உழைத்துக் களைத்தார். ஒரு மருத்துவர் போதாது, பயிற்சி பெற்ற துறவியர் கூட்டமே வேண்டும் என்று உணர்ந்தார். ஆனால் திருச்சபைச் சட்டமே குறுக்கே நின்றது. கற்பு வார்த்தைப்பாடு கொடுத்த கன்னியர் பேறுகாலப் பணியில் ஈடுபடுவது தகாது என்பது அக்கால விதி. இதை மறைப்பதற்கில்லை. மெக்லாரன் அம்மையாரும் இத்தடையை நீக்கக் கோரி உரோமைக்குச் சென்று மன்றாடியவரே. பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரில் அருட்சகோதரி மேரி கிளௌரி சிறப்பு அனுமதி பெற்று மருத்துவம் பார்த்து வந்தார் என்பது உண்மை. ஆயினும் ஒருவருக்குக் கிடைத்த விலக்கு எல்லாருக்கும் உரிமையாகாதல்லவா?

1925 செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவில் வாஷிங்டன் நகரில் மூன்று தோழியருடன் மருத்துவ மறைபணிச் சகோதரிகள் சபையை அன்னா தொடங்கினார். சட்டத்துக்குப் பணிந்து, பகிரங்க வார்த்தைப்பாடு இன்றியே வாழ்ந்தனர். கன்னியர் எனக் கருதப்படாவிட்டாலும் பரவாயில்லை, தாய்மார் பிழைக்கட்டும் என்பது அவர்கள் துணிவு. ராவல்பிண்டியில் திருக்குடும்ப மருத்துவமனையை 1927-இல் நிறுவினர். பத்தாண்டுகளுக்கும் மேலாக இவ்வாறு காத்திருந்தபின், 1936 பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாளன்று உரோமை அத்தடையை நீக்கியது. துறவியர் பேறுகால மருத்துவமும் கற்றுப் பணியாற்றலாம் என்று இசைவளித்தது. 1941-இல் அன்னாவும் தோழியரும் பகிரங்க வார்த்தைப்பாடு கொடுத்தனர். பாட்னா, டெல்லி எனப் பல இடங்களிலும் இச்சபையின் மருத்துவமனைகள் எழுந்தன.

திறந்த கதவின் வழியே பிறரும் நுழைந்தனர். அன்னா பிறந்த அதே 1892-இல் அயர்லாந்தில் பிறந்த அன்னை மேரி மார்ட்டின், 1937-இல் நைஜீரியாவில் மரியாவின் மருத்துவ மறைபணியாளர் சபையைத் தோற்றுவித்தார். அச்சபையின் மருத்துவச் சகோதரி ஆன் வார்ட், நைஜீரியாவின் தென்கிழக்கில் ஃபிஸ்துலாவுற்ற பெண்களுக்குப் பல ஆண்டுகள் அறுவைச் சிகிச்சை செய்தார். ஓட்டையைத் தைத்து மூடுவதோடு வேலை முடிவதில்லை. தையல் ஆறும்வரை சிறுநீரைக் குழாய் வழியே வடித்து, வாரக்கணக்கில் உடனிருந்து பேண வேண்டும். ஒடுங்கிப்போன தசைகளுக்குப் பயிற்சி தரவேண்டும். பல ஆண்டுகள் யாரோடும் சேர்ந்து உண்ணாத பெண்ணை மீண்டும் மனிதரோடு அமரப் பழக்க வேண்டும். இதற்குப் பொறுமையுள்ள கைகள் தேவை.

அன்னை டெங்கல் 1967 வரை சபையின் தலைவியாக இருந்தார். 1980 ஏப்ரல் 17 அன்று உரோமையில் இறைவனடி சேர்ந்தார். அறுபத்தேழு ஆண்டுகளுக்கு முன் மெக்லாரன் அம்மையார் கண்மூடியதும் அதே ஏப்ரல் 17-ஆம் நாளில்தான். வத்திக்கானில் ஜெர்மானியருக்குரிய கல்லறைத் தோட்டத்தில் அன்னையின் உடல் அடக்கம் செய்யப்பட்டுள்ளது.