தோல்மாபாஹ்சே கட்டிய சுல்தான்

அரசர்கள் அரண்மனை கட்டுவது புதிதன்று. ஆனால் கட்டிய அரண்மனையே ஒரு பேரரசின் கடைசிக் காலத்துக்குச் சாட்சியாக நிற்பது அரிது. அத்தகைய மாளிகை ஒன்றை எழுப்பியவர் துருக்கி சுல்தான் முதலாம் அப்துல் மஜீத்.

1823இல் பிறந்த அவர், தந்தை இரண்டாம் மஹ்மூத் மறைந்ததால் 1839இல் தமது பதினாறாம் வயதில் அரியணை ஏறினார். அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் உதுமானியப் படை எகிப்தியப் படையிடம் தோற்றிருந்தது. கருவூலமோ நலிந்திருந்தது. இளஞ்சுல்தான் என்ன செய்தார்? சீர்திருத்தத்தைத் துணைக்கொண்டார். அவ்வாண்டு நவம்பர் 3ஆம் நாள் குல்ஹானே பூங்காவில் ஓர் ஆணை வாசிக்கப்பட்டது. குடிமக்களின் உயிர், மானம், உடைமை ஆகியவற்றுக்குப் பாதுகாப்பும், முறையான வரிவிதிப்பும், எச்சமயத்தாருக்கும் ஒத்த நீதியும் அதில் உறுதி கூறப்பட்டன. அயர்லாந்து பஞ்சத்தில் வாடியபோது, 1847இல் ஆயிரம் பவுன் அனுப்பி உதவிய ஈரநெஞ்சமும் அவருக்கு இருந்தது.

ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் அரசிருக்கையாக விளங்கிய தோப்காபி அரண்மனை அவருக்குப் பழமையாகத் தோன்றியது. ஐரோப்பிய மன்னர்களுக்கு நிகராகத் தாமும் விளங்க வேண்டும் என விழைந்தார். பாஸ்பரஸ் நீரிணையின் கரையில், கடலைத் தூர்த்துத் தோட்டமாக்கிய இடத்தில், 1843இல் வேலை தொடங்கிற்று. தூர்த்த தோட்டம் என்பதே தோல்மாபாஹ்சே என்ற பெயரின் பொருள். ஆர்மீனியக் கிறித்தவரான கராபெட் பால்யானும் அவர் மகன் நிகோகோஸும் அதன் சிற்பிகள். முகப்பும் அலங்காரமும் ஐரோப்பியப் பாணி. ஆடவர் பகுதி, அந்தப்புரம், இடையே பெரிய கொலுமண்டபம் என்ற அமைப்போ துருக்கியருடையது. 285 அறைகள், படிகக் கைப்பிடித் தூண்கள் கொண்ட படிக்கட்டு, கொலுமண்டபக் குவிமாடத்தின் கீழே நாலரை டன் எடையுள்ள சரவிளக்கு! செலவு ஐம்பது இலட்சம் பொற்காசுகள் என்பர்.

இவ்வேலை நடக்கையிலேயே கிரிமியப் போர் மூண்டது. போர்ச் செலவுக்காக 1854இல் பேரரசு முதன்முறையாக அந்நிய நாட்டாரிடம் கடன் வாங்கியது. போரும் ஆடம்பரமும் சேர்ந்து கருவூலத்தை வற்றச் செய்தன. 1856இல் புது மாளிகையில் குடியேறிய சுல்தான் ஐந்தே ஆண்டுகள் அங்கு வாழ்ந்தார். 1861இல், முப்பத்தெட்டாம் வயதில், எலும்புருக்கி நோய் அவர் உயிரைக் கொண்டது.

அவருக்குப் பின்னரும் கடன் வளர்ந்தது. 1875இல் வட்டியையும் முழுமையாகச் செலுத்த இயலாத நிலை வந்தது. 1881இல் நாட்டு வருவாயின் ஒரு பகுதி அந்நியக் கடன்காரர்களின் மேற்பார்வைக்குச் சென்றது. அவர் தம்பியும், பின் புதல்வர் நால்வரும் ஆண்டனர். அப்புதல்வருள் இளையவரான ஆறாம் மெஹ்மத்துடன் 1922இல் சுல்தான் ஆட்சியே முடிந்தது. 1924இல் மாளிகை நாட்டுடைமையாயிற்று. குடியரசின் தந்தை அதாதுர்க் 1938இல் உயிர் நீத்ததும் அங்கேதான். 1984 முதல் அது அருங்காட்சியகமாகப் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது.

அப்துல் மஜீதின் சீர்திருத்த வழியில்தான் 1876இல் அந்நாட்டின் முதல் அரசியலமைப்பு பிறந்தது. ஆனால் காண்போர் வியப்பதென்னவோ சரவிளக்கைத்தான். நண்பர்களே, அந்த ஒளியில் மயங்கும்போது, குல்ஹானே பூங்காவில் வாசிக்கப்பட்ட ஆணையையும் நாம் நினைவுகூர்தல் வேண்டும். அவரது உண்மையான பெருமை அங்கேதான் இருக்கிறது.