பிலிப்பு மன்னனும் மக்கெதோனிய முடியும்

மகா அலெக்சாந்தரின் புகழொளியில் அவன் தந்தை இரண்டாம் பிலிப்பு மங்கித் தோன்றுகிறான். அவன் அரியணை ஏறிய வகையோ அறியத்தக்கது.

பண்டைய மக்கெதோனியாவில் மூத்த மைந்தனுக்கே முடி என்னும் நிலையான நெறி இருக்கவில்லை. மன்னர் பல மனைவியரை மணந்தமையால் முடிக்குரியோரும் பலராயினர். கி.மு. 382 இற் பிறந்த பிலிப்பு இளமையில் தீப்ஸ் நகரிற் பிணையாக இருந்தவன். மூத்த தமையன் கொலையுண்டான். அடுத்தவனாகிய பேர்டிக்காஸ், கி.மு. 359 இல், இல்லீரியரோடு பொருது 4,000 வீரருடன் மாண்டான்.

பேர்டிக்காசின் மகன் அமிந்தாஸ் அப்போது பாலகன். பிலிப்பு அவனுக்குக் காவலனாக நின்று பின்னர் முடி கவர்ந்தானா, தொடக்கத்திலேயே மன்னனானானா என்பது ஆராய்ச்சியாளரிடையே இன்றும் முடியாத வழக்கு. உரிமை கோரி வந்தோருள் ஒருவனைப் பொன்னாலும் மற்றொருவனைப் படையாலும் விலக்கினான். மாற்றாந்தாய் மைந்தன் ஒருவனைக் கொல்வித்தான். அமிந்தாசை மட்டும் வளர்த்து, தன் மகள் கைனானேயையும் மணமுடித்துக் கொடுத்தான். அக்குலத்திற் காண்டற்கரிய பெருந்தன்மை இது.

கி.மு. 338 இற் கைரோனியாவில் ஏதென்சையும் தீப்சையும் வென்ற பிலிப்பு, மறு ஆண்டு மீண்டும் மணம் புரிந்தான். மணவிருந்தில் முடியுரிமை பற்றி எழுந்த பூசலால் அலெக்சாந்தர் சிறிதுகாலம் நாடு நீங்கினான். கி.மு. 336 இல், மகளின் திருமண விழாவில், மெய்காவலன் ஒருவனாற் பிலிப்பு குத்துண்டு இறந்தான். 20 வயதில் முடிசூடிய அலெக்சாந்தர், சிற்றப்பன் நிழலில் 23 ஆண்டு உயிர்தப்பியிருந்த அமிந்தாசைக் கொல்வித்தான்.