இல்லங்கள் காத்த சிந்தாமணியும் உ. வே. சா.வும்

தமிழ்த்தாத்தா எனப் போற்றப்பெறும் உ. வே. சாமிநாதையர் 1855 பிப்ரவரி 19 அன்று கும்பகோணத்தை அடுத்த உத்தமதானபுரத்துக் குடும்பத்தில் பிறந்தார். மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கராகிப் புராணங்களையும் பிரபந்தங்களையும் கசடறக் கற்றார். திருவாவடுதுறை ஆதீனம் அவரை ஆதரித்தது. 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார்.

அவ்வாண்டிலேயே அவ்வூர் முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற நூல்களை ஐயர் அடுக்கிச் சொல்லியும் முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணியைக் கற்றதுண்டா என வினவினார். ஐயர் அதனைக் கற்றிருக்கவில்லை. அந்த ஒரு வினா அவர் வாழ்வையே திருப்பிவிட்டது.

திருத்தக்கதேவர் இயற்றிய அக்காப்பியத்தைப் படிக்கத் தொடங்கியபோது பெருந்தடை ஒன்று குறுக்கிட்டது. சொற்பொருள் விளங்கிய இடத்தும் சமணக் கொள்கையும் மரபும் விளங்கவில்லை. சைவச் சூழலில் வளர்ந்த அவர், தயக்கமின்றிக் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடிச் சென்றார். சந்திரநாத செட்டியார் துணைநின்றார். ஓரில்லத்தில் சிந்தாமணியை முறைப்படி ஓதி, பொருள் கேட்டு, அது நிறைவுற்ற நாளை விழாவாகக் கொண்டாடியதைக் கண்டு ஐயர் வியப்பில் ஆழ்ந்தார். புலவர் உலகம் ஏறக்குறைய மறந்துவிட்ட காப்பியம், எளிய குடும்பங்களின் நாவில் உயிரோடு இருந்தது! ஐயங்களைக் கேட்டுத் தெளிந்த அவரது ஆர்வத்தைக் கண்ட சமணர், அவரைப் பவ்விய சீவன் என மதித்தனர்.

நச்சினார்க்கினியர் உரையுடன் சிந்தாமணி 1887ஆம் ஆண்டு அச்சேறியது. பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை ஆகியன அடுத்தடுத்து வெளிவந்தன. 1906ஆம் ஆண்டு மகாமகோபாத்தியாயப் பட்டம் பெற்றார்.

முதுமையில் ஐயர் மற்றொரு கடனையும் ஆற்றினார். தம் ஆசிரியரின் வரலாற்றை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். பின்னர்த் தம் வாழ்வை ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' என எழுதினார். அது முற்றுப்பெறுமுன் 1942 ஏப்ரல் 28 அன்று மறைந்தார். பதிப்பித்த நூல்களின் பெருமையைக் கூறியதோடு அவர் அமையவில்லை. ஏடு காத்தோரையும், ஐயம் தீர்த்தோரையும், அன்னமிட்டோரையும் பெயர் சுட்டிப் பதிந்தார். கும்பகோணத்துச் சமணர் செய்த உதவியை இன்று நாம் அறிவது அதனாலேயே. உதவியோர் தம் பெயரைத் தாமே எழுதிவைக்கவில்லை.

அன்று அவர் தேடிவந்த செல்வம் இல்லங்களில் இருந்தது. நம் பாட்டிமார் சொன்ன சீவகன் கதை, பெரியோர் நோற்ற நோன்பு, ஊர் ஜினாலயத்தின் வரலாறு, பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் சென்ற குடும்பங்களின் நினைவு ஆகியன இன்றும் முதியோர் நெஞ்சில் உள்ளன. அவற்றைக் கேட்க மற்றோர் ஐயர் வருவார் எனக் காத்திருத்தல் வேண்டா. ஒவ்வோர் இல்லத்திலும் இளையோர் ஒருவர் முதியோர் அருகமர்ந்து, கேட்டதை நாளும் பெயரும் இடமும் குறித்து எழுதுவாராக. சிந்தாமணியைக் காத்த குடிகளுக்கு அஃது அரிய செயலன்று.