அடா லவ்லேஸ் அம்மையார்

ஆங்கிலக் கவிஞர் பைரனுக்கு மகளாக, 1815ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இலண்டன் மாநகரில் தோன்றியவர் அடா அம்மையார். இரண்டு திங்கள் நிரம்புமுன்னரே பெற்றோர் பிரிந்தனர். தந்தையின் முகத்தை அம்மகவு மீண்டும் கண்டதில்லை. கவியுள்ளம் கணவரைப் போல மகளையும் அலைக்கழிக்குமோ என அஞ்சிய அன்னையார், இளமையிலேயே அவருக்குக் கணிதம் பயிற்றுவித்தார்.

1833இல், தம் பதினேழாம் அகவையில், அடா சார்லஸ் பாபேஜ் என்னும் கணித அறிஞரைக் கண்டார். பற்சக்கரங்களால் கணக்கிடும் அவருடைய பொறியைப் பலரும் விந்தைப் பொருளாகவே நோக்கினர். அடாவோ அதன் இயக்கத்தை உணர்ந்தார். பின்னர்ப் பாபேஜ், பட்டுத்தறியிற் பூவேலைக்குப் பயன்பட்டவை போன்ற துளையிட்ட அட்டைகளால் ஏவப்படும் பகுப்பாய்வுப் பொறியைத் திட்டமிட்டார். அதுபற்றி இத்தாலிய அறிஞர் மெனபிரியா பிரெஞ்சு மொழியில் வரைந்த கட்டுரையை, 1843இல் அம்மையார் ஆங்கிலத்தில் பெயர்த்தார். உரை மூலத்தினும் விரிதல் புதிதன்றே! அவர் சேர்த்த குறிப்புகள் மூலத்தைப்போல் ஏறத்தாழ மும்மடங்காயின. பெர்னூலி எண்களைப் பொறி எம்முறையிற் கணித்தல் வேண்டும் என்பதை அவற்றுள் அட்டவணையாக வகுத்தார். முதற் கணிப்பொறி நிரல் அதுவே என்பர் பலர். பொறி இசையும் அமைக்கலாம் என்றார். எனினும் ஏவியதைச் செய்யுமேயன்றித் தானாக எதனையும் தோற்றுவியாது என்றும் வரையறுத்தார். அன்னையார் அஞ்சிய கற்பனை, கணிதத்தின் வழியாகவே வெளிப்பட்டது.

அப்பொறி முற்றுப்பெறவேயில்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கென ஆக்கப்பெற்று 1980இல் தரப்படுத்தப்பட்ட நிரல்மொழி, அடா என்றே பெயர் பெற்றது.

அம்மையார் 1852இல் புற்றுநோயால், தந்தை மறைந்த அதே முப்பத்தாறாம் அகவையில், மறைந்தார். அவர் விரும்பியவாறே, தாம் அறியாத அத்தந்தையின் அருகில் அடக்கம் செய்யப்பெற்றார்.